போர்த்துக்கலில் பத்து நாள்: ஒரு பயணத்தைத் திட்டமிடுவோம்

பாடசாலை விடுமுறை வந்ததும் நம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் உறவினர் வாழும் நகரங்களை நோக்கியே புறப்படுகின்றன. மாமா வீடு, பெரியம்மா வீடு, திருமண வீடு என நாட்கள் கழிகின்றன. இது நல்ல வழக்கம், கைவிடத் தகாதது. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும், நமக்கு உறவினர் எவருமில்லாத ஒரு நாட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது அவர்களுக்குப் பெரும் கல்வியாக அமையும். அங்கே நிலையத்தில் வந்து அழைத்துச் செல்ல யாரும் இரார். சமைத்து வைத்துக் காத்திருக்கவும் யாரும் இரார். ஆகவே அத்தகைய பயணத்திற்குத் திட்டம் இன்றியமையாதது.

திட்டமிடும் முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குவதற்குப் போர்த்துக்கல் நாட்டைத் தெரிந்துகொண்டோம். அது வடக்குத் தெற்காக ஏறத்தாழ 560 கிலோமீற்றர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 220 கிலோமீற்றர் அளவு அகலமும் கொண்ட சிறிய நாடு. நகரம், நாட்டுப்புறம், கடற்கரை ஆகிய மூன்றையும் சில நாட்களில் காண அதன் சிறுமையே துணைபுரிகிறது. வேறொரு காரணமும் உண்டு. நம் வரலாற்றிலும் நாம் நாள்தோறும் பேசும் சொற்களிலும் அந்நாட்டின் சுவடு பதிந்துள்ளது.

எதை விடுவது?

திட்டமிடுதல் என்பது காண வேண்டிய இடங்களை அடுக்கிக்கொண்டே போவதன்று. எவற்றை விடுவது எனத் துணிவதே அதன் முதற்படி. ஒவ்வோர் இரவும் வெவ்வேறு ஊரில் தங்கும் குடும்பம் பெட்டி கட்டுவதிலேயே பாதிப் பொழுதை இழக்கும். பத்து நாட்களுக்கு நான்கு தங்குமிடங்கள் போதும். ஆதலின் புகழ்பெற்ற தெற்குக் கரையாகிய அல்கார்வேயை இம்முறை விட்டுவிடுவோம்.

அடுத்தது திசை. வந்த வழியே திரும்பினால் ஒரு நாள் வீணாகும். வடக்கிலுள்ள போர்த்தோ நகரில் இறங்கி, தெற்கு நோக்கி வந்து, தலைநகர் லிஸ்பனிலிருந்து வீடு திரும்பும்படி விமானச் சீட்டுப் பெறுவது நன்று. போர்த்தோவில் மூன்று இரவு, கொயிம்ப்ராவில் ஓரிரவு, கடற்கரை ஊராகிய நசரேயில் இரண்டிரவு, லிஸ்பனில் மூன்றிரவு என வகுத்துக்கொள்வோம்.

மூன்றாவது பருவம். கோடையில் உள்நாட்டுப் பகுதிகளில் வெப்பம் சில நாட்களில் 40 பாகையைத் தாண்டும். காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2017 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நாட்டின் நடுப்பகுதியில் மூண்ட தீயில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெற்றோரின் விடுமுறை இடந்தருமாயின் இளவேனில் விடுமுறையையோ இலையுதிர்கால விடுமுறையையோ தெரிவுசெய்தல் சிறப்பு.

நகரங்கள்

போர்த்தோ, டோரோ ஆறு அத்திலாந்திக் கடலுடன் கலக்கும் இடத்தருகே செங்குத்தான கரையில் அமைந்த நகரம். அங்குள்ள சான் பென்தோ புகையிரத நிலையத்தின் மண்டபச் சுவர்களை ஏறத்தாழ 20,000 நீலவண்ண ஓடுகள் அலங்கரிக்கின்றன. நாட்டின் வரலாற்றுக் காட்சிகள் அவற்றில் தீட்டப்பட்டுள்ளன. இவ்வோடுகளுக்கு 'அசுலேஜோ' என்று பெயர். இது அரபு மொழியிலிருந்து வந்த சொல். அதனைக் காணக் கட்டணம் எதுவுமில்லை. 1886 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தின் மேல்தளத்தில் நடந்தால் நகர் முழுவதும் கண்ணுக்கு விருந்தாகும்.

கொயிம்ப்ரா பல்கலைக்கழக நகர். 1290 இல் லிஸ்பனில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் 1537 முதல் இங்கு நிலைபெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அதன் பழைய நூலகத்தில் வௌவால்கள் வாழ்கின்றன என்றால் பிள்ளைகள் வியப்பர். பகலில் அவை மறைந்திருக்கும். இரவில் ஏடுகளை அரிக்கும் பூச்சிகளைத் தின்னும். அவற்றின் எச்சம் படாதிருக்க மாலைதோறும் மேசைகளைத் தோல்விரிப்பால் மூடுவர். நூல்களைக் காக்கும் இக்காவலருக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

லிஸ்பன் நகரின் நடுப்பகுதியில் தெருக்கள் நேர்க்கோடாக இருப்பதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1755 நவம்பர் 1 ஆம் நாள் காலை, தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தப்பியோர் ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினர். நீர் பின்வாங்கிப் பின் பேரலையாகத் திரும்பியது. எஞ்சியதைத் தீ எரித்தது. 2004 டிசம்பர் 26 இல் நம் கரைகளும் கண்ட துயரம் இதுவன்றோ? கடல்நீர் திடீரெனப் பின்வாங்கினால் வேடிக்கை பாராது மேட்டு நிலத்தை நோக்கி ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்று கற்கட்டும். அமைச்சர் பொம்பாலின் தலைமையில் நகரை மீண்டும் கட்டியபோது, சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூடுபோலப் பிணைத்து, அதிர்வைத் தாங்கும் வீடுகளை எழுப்பினர்.

நாட்டுப்புறம்

நாட்டுப்புறத்திற்கென இரு நாட்களை ஒதுக்குவோம். முதலாவது நாளில் போர்த்தோவிலிருந்து டோரோ ஆற்றோரமாகச் செல்லும் புகையிரதத்தில் பின்யாவோ என்னும் சிற்றூருக்குச் சென்று மாலையில் திரும்பலாம். போகும்போது வலப்பக்க இருக்கையில் அமர்க. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் ஆறு அப்பக்கமே தோன்றும். மலைச்சரிவெங்கும் கல்லடுக்கிப் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டங்கள் மனித உழைப்பின் சாட்சிகள். 1756 லேயே இவ்விளைநிலத்திற்கு அரசு எல்லை வகுத்தது. இங்கு விளையும் மது சேமிக்கப்படும் மரக்கலத்தைப் 'பீப்பா' என்றே அவர்கள் அழைக்கின்றனர். நாமும் பீப்பா என்றே கூறுகிறோம்.

இரண்டாவது நாளில் லிஸ்பனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எவொரா நகரை அடையலாம். உரோமர் காலக் கோயிலின் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. ஆயினும் வழியிலுள்ள தக்கை மரங்களையே நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கலிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிப்பர். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் எழுதி வைப்பர். மீண்டும் உரிக்க ஒன்பது ஆண்டுகள் பொறுக்க வேண்டும். நட்ட மரத்தில் முதற்பட்டை உரிக்கவே ஏறத்தாழ 25 ஆண்டுகள் செல்லும். போத்தல் மூடிக்கு ஏற்ற தரமான பட்டை மூன்றாம் முறையிலேயே, நாற்பது ஆண்டுகள் கடந்து கிடைக்கும். நட்டவர் பயனை எதிர்பார்த்து நடுவதில்லை, பேரப்பிள்ளைகளுக்காக நடுகின்றனர். நம் ஊரில் பனங்கொட்டை புதைத்த முதியோரும் அவ்வாறே செய்தனர்.

கடற்கரை

நசரே ஒரு மீனவர் ஊர். கரையில் பெண்கள் மீனைப் பிளந்து வலைத்தட்டுகளில் உலர்த்தும் காட்சி நம் ஊர்க் கருவாட்டு வாடிகளை நினைவூட்டும். குன்றின் மேலுள்ள கோட்டையிலிருந்து பார்த்தால் இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும் வரை மலைபோன்ற அலைகள் எழுவதைக் காணலாம். 2020 ஒக்டோபரில் இங்கு ஒருவர் சறுக்கிச் சென்ற அலையின் உயரம் 26.21 மீற்றர் எனக் கணிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய அலை இங்கு மட்டும் எழுவானேன்? கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு இக்கரையருகே முடிகிறது. ஆழ்நீரில் அலை விரைந்து செல்லும். ஆழமற்ற நீரில் வேகம் குறையும். பள்ளத்தாக்கின் வழியே விரைந்து வரும் அலையும் அதன் அருகே மெதுவாக வரும் அலையும் ஒன்றுசேரும்போது இரண்டின் உயரமும் கூடிவிடுகிறது.

ஆழமறியாமல் காலை விடலாகாது என்பது நம் முதுமொழி. இக்கடல் கோடையிலும் குளிர்ந்தது, நீரோட்டம் வலிது. பச்சைக் கொடி பறந்தால் நீந்தலாம். மஞ்சள் கொடியெனில் நீந்தலாகாது. சிவப்புக் கொடியெனில் நீரில் இறங்கவே கூடாது.

பெலேமில் நிற்கும்போது

லிஸ்பனின் பெலேம் பகுதியிலிருந்தே 1497 இல் வாஸ்கோ ட காமா புறப்பட்டார். மறு ஆண்டு கள்ளிக்கோட்டையை அடைந்தார். அங்குள்ள பெரிய துறவிமடத்தில் அவரது கல்லறை உள்ளது. ஆற்றங்கரையில் கடலோடிகளுக்கு எழுப்பிய உயர்ந்த நினைவுச்சின்னமும் உண்டு. அதைக் காணும் நம் பிள்ளைகள் மறுபக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது.

அதே லிஸ்பனில்தான் 1554 இல் தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது. அந்தச் சமய நூலில் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அழிவும் ஆக்கமும் ஒரே கப்பலில் வந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது. வெறுப்பையும் வியப்பையும் விட, இரண்டையும் அறிந்த தெளிவே நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

அத்தெளிவிற்கு நல்ல தொடக்கம் சொற்கள். அந்நாட்டு வெதுப்பகத்தில் 'பாண்' என்றாலே ஏறக்குறைய விளங்கிவிடும். கதிரை, மேசை, அலுமாரி, சாவி, யன்னல், சப்பாத்து, துவாய், வாங்கு, விறாந்தை, அன்னாசி ஆகியனவும் அவர்களிடமிருந்து வந்தவையே. பயணத்தின்போது இத்தகைய சொற்களைத் தேடிப் பட்டியலிடுவோருக்கு ஒரு சிறு பரிசு அறிவித்துப் பாருங்கள்.

செலவும் உணவும்

பெருநகரங்களுக்கிடையிலான புகையிரதச் சீட்டை முன்கூட்டியே பெற்றால் மலிவு; சிறுவர்க்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. நசரேக்குப் புகையிரதம் இல்லை. பேருந்தில் செல்ல வேண்டும். அரும்பொருட்காட்சியகங்கள் பல திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். பழைய கட்டடங்கள் திருத்த வேலைக்காக மூடப்படுவதும் உண்டு. ஆகவே முன்னரே விசாரித்தல் வேண்டும். கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணத்தின் காலவரையறையையும், நுழைவு அனுமதி தேவையா என்பதையும் சீட்டு வாங்குவதற்கு முன்னர் உறுதிசெய்க.

உணவகத்தில் அமர்ந்ததும் கேளாமலே பாணும் ஒலிவும் வைப்பர். அவை இலவசம் அன்று. வேண்டாவிடின் திருப்பி அனுப்பலாம். மரக்கறி உணவினர் கீரைச் சூப்பிலும் இறைச்சித் துண்டு இருக்கக்கூடும் என்பதை அறிந்து கேட்டுண்ண வேண்டும். கறுவாத்தூள் தூவிய பாற்சோறு போன்ற இனிப்பு நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்

பெற்றோரே, திட்டம் முழுவதையும் நீங்களே தீட்டிவிடாதீர்கள். ஒரு பிள்ளை வரைபடத்தையும், மற்றொரு பிள்ளை நேர அட்டவணையையும், இன்னொரு பிள்ளை செலவுக் கணக்கையும் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊரைப் பற்றிப் படித்து, அங்கே சென்றதும் குடும்பத்தாருக்குத் தமிழில் விளக்கட்டும். வழிகாட்டும் பொறுப்பு வந்துவிட்டால் மொழி தானாக வரும். வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளிக்கும் பிள்ளையும், தான் அறிந்ததைத் தாத்தா பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்லும்போது பத்து வசனம் பேசும்.

மாணவச் செல்வங்களே, நாள்தோறும் இரவில் அன்று கண்டதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுங்கள். பத்து நாளில் நூறு வரிகள் சேரும். அடுத்த ஆண்டு விழா மலரில் அவற்றுள் சிலவேனும் இடம்பெறட்டும். சென்று வாருங்கள், கண்டு வாருங்கள், வந்து எமக்கும் சொல்லுங்கள்.