ஒரே வாளியில் ஊற்றாதீர்கள்!

தீபாவளி நெருங்கினால் தரை கழுவும் வேலை உங்கள் தலையில்தான் விழும், இல்லையா மாணவர்களே? பிளீச் ஒரு மூடி, கழிவறை கழுவும் திரவம் ஒரு மூடி. இரண்டும் சேர்ந்தால் அழுக்கு வேகமாகப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான்.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். இரண்டும் வினைபுரிந்தால் உப்பு, நீர், கூடவே குளோரின் வாயு! 1915இல் முதல் உலகப் போரில் ஆயுதமாக விடப்பட்ட அதே வாயுதான். காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. ஆகவே தரையை ஒட்டியே தங்கும். குனிந்து துடைப்பவரும் தவழும் குழந்தையும்தான் அதை அதிகம் சுவாசிப்பார்கள். வினிகரும் அமிலமே, அதையும் சேர்க்காதீர்கள். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் என்றால் குளோரமின் வாயு வரும். அதுவும் நுரையீரலைத் தாக்கும்.

முதலில் சோப்பு நீரால் துடைத்து, நன்றாக அலசுங்கள். அழுக்குத் தரையில் பிளீச் ஊற்றுவது வீண். அழுக்கோடு வினைபுரிந்தே அதன் வீரியம் தீர்ந்துவிடும். பிறகு பிளீச்சைக் குளிர்ந்த நீரில் மட்டும் கலந்து, சன்னல்களைத் திறந்துவைத்துத் துடையுங்கள்.

கண் எரிந்து இருமல் வந்தால் வாளியைத் தூக்க நிற்காதீர்கள். உடனே வெளியே போய்ப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.