பெட்டி இழுக்கும் மெசினின் மூச்சு

காலபோக அறுவடை முடிகிற மாசி மாதத்தில் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்து வயல் பாதைகளில் நின்று பாருங்கள். ஈரம் காயாத பாதையில் 150 பரிவலு கொண்ட டபிள்கப் பிக்கப் ஒன்று சில்லு சுற்றிப் புதைந்து நிற்கும். சற்று நேரத்தில் அதே பாதையில் மசி பேர்குசன் 135 உழவு மெசின் ஒன்று வரும். அந்த வகை மெசின் 1964இல் சந்தைக்கு வந்தது. 1975இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் வலு ஏறத்தாழ 45 பரிவலுதான். பின்னால் இழுவைப் பெட்டி, பெட்டியில் 50 மூட்டை நெல். மூட்டைக்கு 70 கிலோ என்று வைத்தால் மூன்றரைத் தொன். பெட்டியின் சொந்தப் பாரத்தோடு நாலரைத் தொன்னாவது வரும். டுப் டுப் என்று குரலைத் தாழ்த்தி, ஒருமுறை கறுப்பாய்ப் புகைத்து, அது போய்விடும்.

வலு என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 45 பரிவலு என்றால் 33 கிலோவாற்று. கியர் இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 80 கிலோமீற்றரில் அந்த வலு தரக்கூடிய இழுவிசை 150 கிலோ பாரத்தைத் தூக்கும் அளவுதான். அதே வலுவை மணிக்கு 5 கிலோமீற்றருக்கு இறக்கினால் இழுவிசை 2,400 கிலோ பாரத்துக்குச் சமமாகிறது. மெசினின் கியர்ப்பெட்டி வேகத்தை விற்று விசையை வாங்குகிறது. பெரிய பின்சில்லுகளும் அவற்றின் மேல் அழுத்துகிற எடையும் அந்த விசையை மண்ணிடம் ஒப்படைக்கின்றன.

மண்ணும் தன் பங்குக்குக் கேட்கும். தார் வீதியில் உருளும் பாரம் தன் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை அளவு விசையைத்தான் கேட்கும். நாலரைத் தொன் பெட்டியை அங்கே இரண்டு பேர் தள்ளி நகர்த்திவிடலாம். அளம்பில், நாயாறு கரையோரத்துத் தளர்ந்த மணலில் அது நூற்றுக்கு இருபது வரை ஏறும். அதே பெட்டிக்கு அங்கே 900 கிலோ விசை வேண்டும். முத்தையன்கட்டுக் குளக்கட்டு போன்ற ஏற்றமென்றால் சரிவின் பங்கு தனியாகச் சேரும்.

ஆகவே பெரிய றெயிலர் இழுக்க பிக்கப் தேடுகிறவர் விளம்பரத்தில் உள்ள உச்ச வலுவைப் பார்த்து மயங்கக்கூடாது. அந்த வலு நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில்தான் கிடைக்கும். 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் முறுக்கு விசை எவ்வளவு என்று கேட்பதே சரியான முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அநேகமானோர் கேட்பதில்லை: இந்த இயந்திரம் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?

டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. மீதியில் ஒரு பாதி புகையோடு போகும். மறுபாதியை ரேடியேற்றரும் ஒயிலும் இயந்திரத்தின் உடம்பும் வெளியே தள்ள வேண்டும். வெறும் பிக்கப் தட்டையான வீதியில் 80இல் ஓட 15 கிலோவாற்று அளவு போதும். பின்னால் உயரமான றெயிலர் பூட்டினால் தேவை 40ஐத் தொடும். ஏ9 வழியே மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறினால் அதிலும் இரண்டு மடங்கு. 30 கிலோவாற்று வெப்பம் நீருக்குள் இறங்குகிறது என்றால், 15 மின்கேத்தல்கள் ஓயாமல் அந்த ரேடியேற்றருக்குள் கொதிக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட் கஸ்கெற் எரிவதும் ஹெட் வெடிப்பதும் அநேகமாக இந்தக் கணக்குப் பிழைத்த நாளில்தான்.

மசியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அதன் பேர்க்கின்ஸ் ஏடி3.152 இயந்திரம் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். நம் கணக்கில் இரண்டரை லீற்றர். லீற்றருக்கு 18 பரிவலுதான் அதனிடம் கேட்கப்படுகிறது. இன்றைய 2.8 லீற்றர் டர்போ பிக்கப்பிடம் லீற்றருக்கு 70 வரை கேட்கிறார்கள். உலோகமும் ஒயிலும் எவ்வளவோ முன்னேறியிருப்பதால் அதுவும் தாங்குகிறது. ஆனால் பிழை விட்டால் மன்னிக்கும் இடைவெளி குறைந்திருக்கிறது.

2008இன் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் ஏ35 வீதியில், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போரினால் சனம் பெயர்ந்துகொண்டிருந்தபோது, வீடுகள் பெட்டிகளில்தான் நகர்ந்தன. கழற்றிய கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே முதியவர்களும் குழந்தைகளும். நடை வேகத்தில், நின்று நின்று, முன்னாலிருந்து காற்றே இல்லாமல் ஊர்வது ஓர் இயந்திரத்துக்குக் கொடிய சோதனை. மெசினின் விசிறியும் ரேடியேற்றரும் நடை வேகத்தில் முழுப்பாரம் இழுப்பதற்கென்றே அளந்து செய்யப்பட்டவை. ஓட்டத்தில் வரும் காற்றை அவை எதிர்பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தின் கடைசிச் சொத்தைச் சுமக்க அந்த வாகனம் ஏன் தகுந்ததாய் இருந்தது என்பதற்கு இயற்பியலிடம் உள்ள விடை இது. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தவற்றுள் அந்த மெசின்களும் இருந்தன. அதற்கு எந்த இயற்பியலும் விடை சொல்லாது.

இனி, பழைய இயந்திரம் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் எப்படி எடைபோடுவது? டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறு முதல் இருபது மடங்கு வரை நெருக்கும்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டும். அதற்குள் பீச்சிய எண்ணெய் தானே பற்றும். ஆகவே அதன் உயிர் முழுவதும் அந்த நெருக்கலில் இருக்கிறது. பிஸ்டன் றிங் தேய்ந்தால் நெருக்கிய காற்று கீழே கசியும். இயந்திரம் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். மெல்லிய மூச்சு இயல்பு. புகையோடு கையைத் தள்ளுகிற மூச்சு வந்தால் றிங்கும் லைனரும் போய்விட்டன. நம் பாதைகளின் செம்புழுதி அரைத்த வேலை அது. காற்று வடிகட்டியைப் பராமரித்தவரின் இயந்திரத்தில் அந்த மூச்சு பல்லாண்டு மெல்லியதாகவே இருக்கும்.

புகையின் நிறமும் பேசும். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளை நிற்கிறதென்றால் எண்ணெய் சரியாகப் பற்றவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே புகுகிறது. கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய். பாரம் ஏறும் கணத்தில் ஒருமுறை வந்து தெளிந்தால் பழைய இயந்திரத்தில் பொறுக்கலாம். நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரம் பூட்டி அரைமணி நேரமாவது இழுத்துப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

எண்ணெய் இன்னொரு கதை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயில் ஓடிக்காட்டியது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை வடக்கில் அறியாதவர் இல்லை. ஆனால் டீசல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. மசியில் உள்ளது போன்ற சுழல்வகை எண்ணெய்ப் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது; பீச்சுகிற டீசலே அதற்கு வழுவழுப்பும் தருகிறது. மெல்லிய மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு. சிறிது ஒயில் கலப்பது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். பழைய நொசில் 200 வளிமண்டல அமுக்கத்துக்குச் சற்று முன்பின்னாகத் திறந்துவிடும். ஆகவே இப்படிச் சமாளிக்க முடிந்தது. இன்றைய பிக்கப்பில் அமுக்கம் 2,000ஐத் தொடுகிறது, நொசில் துளையின் அகலமோ ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்று. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் செய்ததுபோல் பீப்பாயில் சேர்த்துவைத்த, தண்ணீர் ஊறிய டீசல் அதற்கு நஞ்சு. நீர்பிரிக்கும் வடிகட்டியை உரியவர் எப்போது கடைசியாக மாற்றினார் என்பதை, ஓடிய கிலோமீற்றர்களைவிட முக்கியமாக விசாரிப்பேன்.

றெயிலரோடு ஏ9இல் வருகிறவர்கள் எல்லா வாகனங்களையும்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பார்கள். அந்த நேரத்தில் டர்போவின் சுழலி 600 பாகைச் சூட்டுப் புகைக்குள், நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்குமேல் சுழன்று வந்திருக்கும். திறப்பைத் திருப்பிய உடனே அதற்குப் போகும் ஒயில் நின்றுவிடும். தாங்கியில் தேங்கிய ஒயில் கருகும். இரண்டு மூன்று நிமிடம் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, அதன் மூச்சு தணிந்த பிறகு நிறுத்துங்கள். தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் அதற்குப் பிறகு போகலாம்.