குழாய் அமைத்தாயிற்று, தண்ணீர் தொடர்ந்து வர யார் பொறுப்பு? - ஊரகக் குடிநீர்த் திட்டம்: ஒரு விளக்கம்

புதுதில்லி: ஊரகப் பகுதிகளில் வீடுதோறும் குழாய்வழிக் குடிநீர் வழங்கும் ஜல் ஜீவன் இயக்கம் 2028-ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கட்டமைப்பின் தரத்துக்கும் பராமரிப்புக்கும் இனி முக்கியத்துவம் அளிக்கப்படும் என்றும் அதில் தெரிவிக்கப்பட்டது.

இதுவரை எட்டியது என்ன?

2019 ஆகஸ்ட் 15-இல் இத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 3.23 கோடி ஊரகக் குடும்பங்களுக்கு, அதாவது சுமார் 17 சதவீதத்தினருக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீரை 2024-க்குள் அனைத்துக் குடும்பங்களுக்கும் வழங்குவது இலக்கு. 2025 பிப்ரவரியில் இணைப்பு பெற்றவர்களின் விகிதம் சுமார் 80 சதவீதத்தை எட்டியிருந்தது.

செலவை ஏற்பது யார்?

அரசியல் சாசனப்படி குடிநீர் வழங்கல் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனினும், இத்திட்டத்துக்கான செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பொதுவாகச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்திய அரசு 90 சதவீதம் வழங்குகிறது.

பராமரிப்பது யார்?

பணிகள் முடிந்தபின் கிராமத்துக்குள் உள்ள குடிநீர்க் கட்டமைப்பை நிர்வகிக்கும் பொறுப்பு கிராம ஊராட்சிக்கும், அதன் கீழ் இயங்கும் கிராமக் குடிநீர் மற்றும் துப்புரவுக் குழுவுக்கும் உரியது. 10 முதல் 15 உறுப்பினர்கள் கொண்ட இக்குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். குடிநீர்க் கட்டணத்தை நிர்ணயிப்பது, மோட்டார் பழுது நீக்குவது, மின்கட்டணம் செலுத்துவது, இயக்குபவருக்கு ஊதியம் வழங்குவது ஆகியவற்றுக்கு இக்குழுவே வழிசெய்ய வேண்டும். கட்டணம் முறையாக வசூலாகாத ஊரில் பழுதடைந்த மோட்டாரைச் சீரமைக்கக்கூட நிதி இராது. அப்போது பெண்கள் மீண்டும் குடங்களுடன் தொலைவிலுள்ள கிணற்றை நாட நேரிடும்.

தரம் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு, கள ஆய்வுப் பெட்டியைக் கொண்டு நீரின் தரத்தைப் பரிசோதிக்கப் பயிற்சி அளிக்க வழிவகை செய்யப்பட்டுள்ளது. அனைத்து வீடுகளுக்கும் இணைப்பு வழங்கப்பட்டதாக அதிகாரிகள் அறிவித்தால் மட்டும் போதாது. கிராமசபை கூடித் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே அந்தக் கிராமத்துக்குச் சான்று கிடைக்கும். இவ்வாறு சான்று பெற்ற முதல் மாநிலம் கோவா (2022).

கழிவுநீர் என்னவாகும்?

வீட்டுக்குள் வரும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராகவே வெளியேறுகிறது. அதனை உறிஞ்சுகுழிகள் உள்ளிட்டவை மூலம் அகற்றும் பணி, தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. வடிகால் இல்லாத தெருவில் தேங்கும் நீர், கொசு உற்பத்திக்கு இடமளிப்பதுடன் குடிநீர் ஆதாரத்தையும் மாசுபடுத்தக்கூடும்.

மக்கள் செய்யக்கூடியது என்ன?

கட்டண வசூல், பராமரிப்புச் செலவு, நீர்ப் பரிசோதனை முடிவுகள் குறித்துக் கிராமசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி எழுப்பலாம். தண்ணீர் முறையாக வருகிறதா என்பதை உறுதிசெய்யாமல் சான்றுத் தீர்மானத்துக்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய கட்டாயம் கிராமசபைக்கு இல்லை.