படி ஏறு... நாடியைப் பிடி!

ஓட்டப் பந்தயம் முடிந்ததும் எல்லாரும் யாரைப் பார்ப்பீர்கள் குட்டீஸ்? முதலில் வந்தவரைத் தானே!

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், விளையாட்டு விழா வந்தால் ஒரே ஒரு ஓட்டம் வைத்து, முதல் நான்கு பேரைத் தேர்வு செய்வேன். கடைசியில் மூச்சு வாங்க வந்து நிற்கும் பிள்ளையிடம், 'உனக்கு ஓட்டம் சரிப்படாது; போய் உட்கார்' என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது புரிகிறது. ஏன் தவறு? வாருங்கள், பார்ப்போம்.

கேளம்பாக்கத்தில் இருந்து வண்டலூர் செல்லும் சாலைப் பக்கம், மேலக்கோட்டையூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தான், 2005ல் துவங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு படிப்பவர்கள் மைதானத்தில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஓடும்போதும் தாண்டும்போதும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சியும் செய்கின்றனர். இந்தப் படிப்புக்கு, 'உடற்பயிற்சி உடலியங்கியல்' என்று பெயர். பெயர் தான் பெரிது, விஷயம் எளிது!

நம் தசைகள் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து செல்வது ரத்தம். ரத்தத்தைத் தள்ளி அனுப்புவது இதயம். பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது, இது நான்கு மடங்கு வரை உயரும். அதனால் தான், ஓடியதும் நெஞ்சு 'திக் திக்' என்று அடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில், ஆர்ச்சிபால்ட் ஹில் என்ற விஞ்ஞானி இருந்தார். தசை எப்படி வெப்பம் உண்டாக்குகிறது என்று கண்டறிந்ததற்காக, 1922ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். அவரே ஓட்டக்காரர். முதுகில் பெரிய பை ஒன்றைக் கட்டிக்கொண்டு, புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். வெளியே விடும் மூச்சு, குழாய் வழியாக அந்தப் பையில் சேரும். அதை அளந்து, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தியது என்று கணக்கிட்டார். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் அளவும் கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் கூடவில்லை. ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைப் பயிற்சியால் உயர்த்த முடியும் என்பது தான் நல்ல செய்தி! தினமும் ஓடினால் இதயம் பலம் பெறுகிறது. ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால், ஓய்வில் இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதும். சாதாரணமாக, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இருக்கும். நீண்ட தூரம் ஓடும் வீரர்கள் சிலருக்கு, 40 தான்!

இதையெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றனர்? விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்கு மட்டும், 8 அல்லது 12 வாரம் புதிய பயிற்சி தருவர். இன்னொரு குழு வழக்கம் போல இருக்கும். இதற்குக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று பெயர். துவக்கத்திலும் முடிவிலும் இரண்டு குழுவினரையும் அளப்பர்.

'பயிற்சி செய்யாதவர்களை எதற்கு அளக்க வேண்டும்?' என்று கேட்கிறீர்களா... 12 வாரத்தில் பிள்ளைகள் தானாகவே வளர்ந்துவிடலாம், வெயில் குறைந்திருக்கலாம். முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று தெரிய, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும் அல்லவா!

நீங்களும் ஓர் ஆராய்ச்சி செய்யலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 1940களில் படி ஏறி இறங்கும் சோதனை ஒன்றை உருவாக்கினர். அந்தப் படி 50 செ.மீ. உயரம், உங்களுக்கு அது வேண்டாம். 30 செ.மீ.க்கு மேல் போகாத, ஆடாத வாசற்படி போதும்.

முதலில், 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலும் நாடி துடிப்பதால் கணக்கு குழம்பும். 30 விநாடி எண்ணி எழுதுங்கள்.

அடுத்து, 'ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு' என்று ஒரே சீராக, நிமிடத்துக்கு 24 முறை வீதம், 3 நிமிடம் ஏறி இறங்குங்கள். உடனே உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து, மறுபடி 30 விநாடி எண்ணுங்கள். ஓய்வு எண்ணிக்கைக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரம் இறங்கும் நாடி தான், பயிற்சி பெற்ற இதயத்தின் அடையாளம்.

பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். காய்ச்சல், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று... கேளம்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் உலராது; உடல் சூடு தணியாது. சூட்டை வெளியேற்ற, தோலுக்கும் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும். எனவே, காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். அதே படி, அதே வேகம். நண்பகல் வெயிலில் வேண்டவே வேண்டாம்.

தினமும் ஸ்கிப்பிங் ஆடுங்கள், ஓடுங்கள். வாரம் ஒரு முறை அளந்து, நோட்டில் தேதியோடு குறியுங்கள். எண்ணிக்கை குறையாத வாரமும் வரும். அதையும் அப்படியே எழுதுங்கள். பிடித்த எண்ணை எழுதினால், அது ஆராய்ச்சி ஆகாது!

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வகுப்பில் படித்தாலும், ஒருவர் உடல் முன்பே வளரும். இன்னொருவர் உடல் மெல்ல வளரும். பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளையின் நாடி, இரண்டு மாதத்தில் எல்லாரையும் விட அதிகம் முன்னேறியிருக்கலாம். ஒரே ஒரு ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்த எனக்கு, அது எப்படித் தெரிந்திருக்கும்?

'போய் உட்கார்' என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. 'நாடியைப் பிடி, எழுதி வை, நாளைக்கும் வா' என்று சொல்லியிருக்க வேண்டும். அதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.