உங்களுக்குத் தெரியுமா? சாயம் பூசாமலே சிவந்த புலி

பத்துமலைப் படிகள் 272க்கும் 2018இல் வண்ணம் பூசியது ஊரறிந்த செய்தி. கேரி தீவிலோ சிலைகளுக்கு மரமே நிறம் தருகிறது. அங்குள்ள சுங்கை பும்புன் கிராமத்தில், நம் தோட்டத் தமிழர்களுக்கு அண்டையில் வாழும் மா மெரி பூர்வகுடிச் சிற்பிகள் ‘மோயாங்’ எனும் முன்னோர் ஆவிகளைச் செதுக்குகிறார்கள். அலையாத்திக் காட்டு ‘ஞிரே பத்து’ மரத்தின் செம்பழுப்புதான் சிலையின் நிறம்.

அங்கே போனால் ‘சங்கிலிப் புலி’ எனும் சிலையை அவசியம் பாருங்கள். சங்கிலியின் வளையங்கள் தனித்தனியே அசையும். ஒட்டும் கிடையாது, ஆணியும் கிடையாது. புலியும் சங்கிலியும் ஒரே கட்டையில் குடைந்தவை! உளி ஒருமுறை தவறினாலும் வளையம் உடைந்துவிடும். எத்தனை பொறுமை வேண்டும், பாருங்கள். மா மெரி மக்கள் தங்கள் ஆட்டத்தில் அணியும் முகமூடிக்கு மட்டும் இலேசான பூலாய் மரம்.