தைராய்டு வந்தால் ஜவ்வரிசி ஆகாதா? மரவள்ளி மேல் வீண் பழி! மாத்திரையைக் கெடுப்பது காபி டம்ளர்

"உங்களுக்குத் தைராய்டு இருக்கிறது" என்று டாக்டர் சொன்னால் போதும். மறுநாளே அடுப்படியில் தடை உத்தரவு பறக்கிறது.

"முட்டைகோஸ் தொடாதே கண்ணு" என்கிறார் மாமியார். "மரவள்ளிக் கிழங்கு ஆகவே ஆகாதுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கம்மங்கூழ் வேண்டாம், ஜவ்வரிசிப் பாயசம் வேண்டாம், அயோடின் உப்பால்தான் வந்தது என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

(தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தில் உள்ள சுரப்பியின் பெயர் அது. அது ஒழுங்காக வேலை செய்யாததுதான் வியாதி!)

வேறு ஊரில் மரவள்ளியை ஒதுக்குவது சுலபம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நடக்கிற காரியமா? ஆத்தூர், ராசிபுரம் பக்கம் காட்டில் கிழங்கு, ஆலைக் களத்தில் மாவு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதை விளைவிக்கிற வீட்டில் ஒரு பெண் மட்டும் அதைத் தொடாமல் பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டில் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அது காலைக் காபி!

வேலியே பயிரை மேய்ந்த கதை

உடம்பைக் காக்க ரத்தத்தில் ஒரு படை இருக்கிறது. கிருமி வந்தால் அடித்து விரட்டும். அந்தப் படையே ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பியைத் தாக்கினால்? அதுதான் "ஆட்டோஇம்யூன்" தைராய்டு. சுரப்பி மெல்ல மெல்ல நலிந்து, சுரக்க வேண்டியது சுரக்காமல் போகும்.

இதை முதலில் எழுதியவர் ஜப்பானைச் சேர்ந்த ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் டாக்டர். 1912-ல் 4 பெண்களின் கழுத்து வீக்கத்தை ஆராய்ந்து ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார். 1934-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்பது 1956-ல்தான் தெரிய வந்தது. இன்று அந்த வியாதிக்கு அவர் பெயர்தான்.

ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். சென்னை உள்பட 8 நகரங்களில் 5 ஆயிரத்து 376 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2013-ல் வெளியானது. 100-க்கு 11 பேருக்குச் சுரப்பு குறைந்திருந்தது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஏறக்குறைய 22 பேர் ரத்தத்தில் இருந்தது!

அசதி, முகத்தில் உப்பல், முடி கொட்டுதல், மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு. சேலத்து மே மாத வெயிலிலும் போர்வை கேட்கிற பெண்ணை "சோம்பேறி" என்று வீட்டில் திட்டுவார்கள். அவளுக்குத் தேவை திட்டு அல்ல, டி.எஸ்.எச். என்கிற ரத்தப் பரிசோதனை.

மரவள்ளி செய்த குற்றம் என்ன?

பழி சும்மா வரவில்லை. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு தரும் சத்து ஒன்று உண்டு. உடம்புக்குள் போனதும் அது தயோசயனேட் ஆக மாறி, சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு இட்ஜ்வி தீவில் இதனால் கழுத்துக் கழலை பரவியதை 1970-களில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அந்த மக்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிதான் சாப்பாடு. அவர்கள் உணவில் அயோடினும் இல்லை. அங்கே வந்தது அயோடின் பஞ்சத்தால் வந்த கழலை. இங்கே வருவது உடம்பின் படை செய்கிற கலாட்டா. இரண்டும் ஒன்றல்ல.

நம் ஊரில் கடை உப்பில் அயோடின் இருக்கிறது. கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். ஜவ்வரிசியோ ஆலையில் அரைத்து, பலமுறை கழுவி, வறுத்து, வெயிலில் காய்ந்து வருவது. வெந்த முட்டைகோசும் அப்படித்தான். அளவோடு தின்றால் வம்பில்லை. கம்பு மேல் உள்ள புகாரும் அதையே தின்று வாழ்ந்த சூடான் நாட்டுக் கிராமங்களில் எழுந்ததுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இன்னும் குறைவு. சுரப்பி தராததை மாத்திரை தந்துவிடுகிறதே! ஜவ்வரிசியைக் குறைக்க வேறு காரணம் உண்டு. அது வெறும் மாவுச்சத்து. எடை, சர்க்கரை உள்ளவர்கள் பார்த்துச் சாப்பிட வேண்டும். அதற்குப் பதில் நாமக்கல் முட்டை ஒன்று வேகவைத்துத் தின்றால் புரதமும் கிடைக்கும், கொஞ்சம் அயோடினும் கிடைக்கும்.

காபி வந்து கெடுத்தது

லெவோதைராக்சின் மாத்திரை மைக்ரோகிராம் கணக்கு. 25, 50, 100 என்று வரும். கடுகைவிடச் சின்ன அளவு மருந்து. அதனால்தான் இத்தனை கெடுபிடி.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால், பலகாரம் எதுவும் கூடாது. காபியோடு சேர்ந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. ராகிக் கூழிலும் பாலிலும் உள்ள கால்சியம், சோயா, எல்லாமே மாத்திரைக்கு எதிரி. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் 4 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மூன்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவதுதான் பல வீட்டில் நடக்கிறது!

"மாத்திரை சாப்பிட்டும் குறையலீங்களே டாக்டர்" என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது காபி நேரத்தைத்தான்.

மாடு வைத்திருக்கிறவர்களுக்கு வசதி. விடிகாலை பால் கறக்கப் போகும்முன் மாத்திரை. சொசைட்டிக்குப் பால் ஊற்றித் திரும்பியதும் காபி. விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள், டாக்டரிடம் கேட்டு, சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

மாத்திரை டப்பாவை அடுப்பு மேல் பலகையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும்.

பவுடர் வியாபாரம்

தைராய்டு என்றதும் கடல்பாசி மாத்திரை விற்க ஆள் வருவார்கள். அதில் அயோடின் மிதமிஞ்சி இருக்கும். ஏற்கெனவே நலிந்த சுரப்பியை அது இன்னும் படுத்தும். சமையல் உப்பின் அளவு அப்படி அல்ல. அதை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

செலினியம் மாத்திரை எதிர்ப்பொருளைக் கொஞ்சம் குறைக்கிறது. அதனால் நோயாளிக்கு உடம்பு தேறியதாக உறுதியான சான்று இல்லை. கோதுமையை விடச் சொல்வதும் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கே பொருந்தும். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்முன் இரண்டு நாளாவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டே பொய் சொல்லும்!

நடையும் நல்ல தூக்கமும் அசதிக்கு உதவும். ஆனால் நடந்தே தைராய்டைக் குணமாக்கலாம் என்றால் நம்ப வேண்டாம்.

கல்யாணமான பெண்ணுக்கு

ஆபத்து எங்கே என்றால், "நல்லாயிருச்சு" என்று தானாக மாத்திரையை நிறுத்துவதில்தான். பத்தியத்தை நம்பி நிறுத்துகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மறைத்து, புகுந்த வீட்டில் டப்பாவை ஒளித்து வைக்கிற பெண்களும் உண்டு.

சுரப்பு குறைந்தால் கரு தங்குவது தள்ளிப் போகலாம். கரு கலையவும் கூடும். முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்புதான் ஆதாரம். கர்ப்பத்தில் மாத்திரை அளவு பெரும்பாலும் 100-க்கு 25, 30 பங்கு கூடும். நாள் தள்ளிப் போனதும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தொலைவு ஒரு சாக்கு அல்ல. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது.

அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிக்கு இன்னும் சீக்கிரம், 4 வாரத்துக்கு ஒருமுறை. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பலாம். தாய்ப்பால் கொடுக்கும்போது மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.