மூலையில் சாய்ந்த கித்தார்

பழைய கித்தார் வாங்கிக் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் சிலர், விரல் வலி தாங்காமல் ஒரே மாதத்தில் அதை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். ஆர்வம் போதாது என்று நாம் அவர்களைக் கடிந்துகொள்கிறோம். கருவியை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் 0.010 அங்குல மெல்லிய கம்பித் தொகுதியை மாட்டிச் சுருதி சேர்ப்போம். (நைலான் கம்பிக்கென்று செய்த கித்தாரில் இரும்புக் கம்பி கூடவே கூடாது, இழுவிசையில் பாலமே பெயர்ந்துவிடலாம்.) பின்னர் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் போதும். 4 இருந்தால் பழகியவருக்கே நோகும். கழுத்து நேராக இருந்தும் உயரம் மிகுதி என்றால், பாலத்தின்மேல் கம்பிகள் தங்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்கலாம். 1 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டரே குறையும். தேய்ந்தது திரும்ப வராது, அவசரம் வேண்டாம்.

முதல் ஃபிரெட்டில் மட்டும் அழுத்தக் கடினமா? கழுத்தின் தலைப்பக்கத்துக் கம்பிப் பள்ளங்கள் ஆழம் குறைவு என்று பொருள். அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவோம். அதுவரை எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் தளர்த்தி, முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டிக் கொடுத்தால், பிள்ளை வழக்கமான சுருதியிலேயே மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம்.